மெயின் சுவிட்சை நான் அணைக்கவில்லை

அன்பு மகன் பிரென்ட்டுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அலாஸ்காப் பனியில் நீயும் சளி இருமல் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க மாதா துணை நிற்கட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, ரொட்டியைக் குறைத்துவிட்டார், ஆனால் இறால் கம்போக் குழம்பு வைத்தால் மட்டும் சோற்றை இரண்டாம் தடவை போட்டுக்கொள்கிறார். கூரை வேலை முடிந்து நீலத் தார்ப்பாயை எடுத்துவிட்டோம். புயல் தூக்கிப் போட்ட அடுத்த வீட்டு நெல்வினின் படகை ஒருவழியாகக் கரும்புக் கொல்லையிலிருந்து இழுத்து வாய்க்காலில் விட்டார்கள், ஒரு பக்கம் சாய்ந்துதான் மிதக்கிறது, அவன் அதற்கும் பெயிண்ட் அடிக்கிறான்.

நீ ஏழு வாரமாகப் போன் செய்யவில்லை. கடைசியாகப் பேசியபோது, "நான் செய்த வயரா அது" என்று கேட்டாய். அப்பா இல்லை என்றார், கடையில் வாங்கியது என்றார். அது பொய் என்று உனக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் நீ பேசுவதில்லை என்று நினைக்கிறேன். அப்பா உன்மேல் உள்ள பாசத்தில் சொன்னார், அவரைக் குற்றம் சொல்லாதே. போனில் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன், எழுதினால் முழுதும் எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன்.

புயல் அடித்து ஒன்பதாம் நாள் அது. கரண்ட் இல்லை, அப்பாவின் இன்சுலின் வைத்திருந்த பெட்டியில் ஐஸ் கரைந்து வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது, அப்பா ஐஸ் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானம் வரை வரவில்லை. இருந்த இரண்டு மருந்துக் குப்பியும் கெட்டுவிடும் என்று நானே ஜெனரேட்டரைப் போட்டேன். தினமும் அப்பாதான் போடுவார், நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். போன புயலுக்கு நீ செய்து கொடுத்த வயர், இரண்டு பக்கமும் பிளக் உள்ளது, அதை ஒரு முனை ஜெனரேட்டரிலும் மறுமுனை துணி உலர்த்தும் மெஷினின் சுவர் சாக்கெட்டிலும் செருகினேன். ஃப்ரிட்ஜ் ஓடியது, மின்விசிறி சுற்றியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மெயின் சுவிட்சை நான் அணைக்கவில்லை. அணைக்காவிட்டால் வீட்டுக் கரண்ட் திரும்பி வெளிக்கம்பிக்குப் போகும், கம்பத்து டிரான்ஸ்பார்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இரண்டு கொல்லை தள்ளி ஓக்லஹோமாவிலிருந்து உதவிக்கு வந்த லைன்மேன்கள் நம் வாய்க்கால் லைனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் இருந்தவர் பெயர் கோல்பி, இருபத்தேழு வயது. அவர் சோதித்துப் பார்த்தபோது கம்பியில் கரண்ட் இல்லை, பாதுகாப்புக்குத் தரைக்கம்பி மாட்டுவதற்குள் நான் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டேன்.

அவர்களுடைய மேஸ்திரி டார்ல் என்பவர் நடந்து வந்தார், ஓடி வரவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தினார், வயரைப் பிடுங்கினார். "இதை யாரும்மா போட்டது" என்றார். நான்தான் என்றேன். "என் ஆளு ஒருத்தன் கம்பத்துல தொங்குறான்" என்றார், மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி. பிறகு நம் படியில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணி குடுங்க என்றார். கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். உலையும் வைத்தேன் பிரென்ட். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்து எழுதிக்கொண்டு போனார்கள், விபத்து, வழக்கில்லை என்றார்கள். அதே ஆட்கள் இரண்டு நாளில் திரும்பி வந்து லைனை முடித்து நம் வீட்டுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை, பாதிரியார் அதற்கும் நாள் வரும் என்கிறார்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. நீ அந்த வயரில் வெள்ளை டேப் சுற்றி, 'முதலில் மெயினை அணை' என்று கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாய். அது என் கையில்தான் இருந்தது, எழுத்து என் கண்ணுக்குத் தெரிந்தது, நான் படிக்கவில்லை. வயர் உன்னுடையது, கை என்னுடையது. ஷெரிஃப் ஆளிடமும் அப்படியே சொன்னேன். இதை நீ சுமக்காதே, பங்கு போட்டுக்கொள்ளக் கூடியதும் இல்லை.

மின்கூட்டுறவுக்காரர்கள் நம் வாய்க்கால் கரை முழுக்க மரக்கம்பத்தைப் பிடுங்கி இரும்புக் கம்பம் நடுகிறார்கள், சதுப்புக்குள் போன லைனை ரோட்டோரம் கொண்டுவந்துவிட்டார்கள், எங்காவது அறுந்தால் அந்தத் துண்டு மட்டும் இருட்டாகும்படி இடையிடையே சுவிட்ச் வைக்கிறார்கள். மீட்டருக்குப் பின்னால் ஒரு பெட்டியும் இலவசமாக மாட்டுகிறார்கள், ஜெனரேட்டரை அதில்தான் செருக வேண்டும், செருகினால் வெளிலைன் தானே விலகிவிடும். பழைய வயரைக் கொடுத்தால்தான் பெட்டி. நம் ஜனம் கொடுக்குமா, ஆபீஸ் ஆள் வந்தால் நாயை அவிழ்த்துவிட்டார்கள். நான் அவர்களோடு வீடு வீடாகப் போனேன். முதல் வீடே நெல்வின். "மிஸ் வெர்லி, போன மாசம் வரைக்கும் இறால் உரிச்சீங்க, இப்ப கரண்ட் ஆபீஸ்ல உத்தியோகமா, தொப்பி எங்க" என்றான். கிண்டலாகச் சிரித்தான். "அந்தப் பிள்ளையைக் கொன்னது நான் நெல்வின், வயரை எடுத்துட்டு வா" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய் வயரோடு வந்தவன், ஒரு பை இறாலையும் என் கையில் திணித்து, "சமைச்சுச் சாப்பிடுங்க, இளைச்சுப் போயிட்டீங்க" என்றான். அவனுக்குப் பிறகு யாரிடமும் அவ்வளவு பேச வேண்டியிருக்கவில்லை. வாய்க்கால் முனையில் இரண்டு வீடு பாக்கி, அவர்களும் கொடுப்பார்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று. எங்கே லைன்மேன் கம்பம் ஏறினாலும் இவர் போய்க் கீழே நிற்கிறார். அந்த ஆள் இறங்கும்வரை நிற்பார், பிறகு வந்துவிடுவார். நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை காற்றும் மழையுமாக நம் முனையில் மட்டும் கரண்ட் போனது. டானெல் என்று ஒரு பெண், கூட்டுறவில் புதிதாகச் சேர்ந்தவள், கம்பம் ஏறினாள். அப்பா கோட்டுகூடப் போடாமல் போனார். நான் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனவள், கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனேன், திரும்பவில்லை. அண்ணாந்து பார்த்தபடி இரண்டு பேரும் நின்றோம். மழை கண்ணில் விழுந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அவள் மேலேயிருந்து, "எல்லாம் ஆச்சு மிஸ்டர் யூலிஸ், இறங்குறேன், பாத்துக்கிட்டே இருங்க" என்று கத்தினாள். இறங்கி, கையுறையைக் கழற்றி, எங்கள் இரண்டு பேருக்கும் கை கொடுத்தாள். அவள் கை சூடாக இருந்தது. அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது.

உனக்கு எல்லா நன்மையும் கிடைக்கட்டும், நல்ல துணை அமையட்டும், கடவுள் உன்னைக் கையில் வைத்துக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம், அப்போது போன் செய். ஒன்றும் பேச வராவிட்டாலும் பரவாயில்லை, செய்.

உன் அம்மா,
வெர்லி