கம்பி கிழித்த காயம்

மரியே வாழ்க

எஸ்டேட் ரைட்டர் குவார்ட்டர்ஸ், கரடியூர் ரோடு, ஏற்காடு
8-4-1983

அன்பு மகள் இன்பமேரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே ரூர்கேலாவில் நீயும் உன் அறையில் தங்கியிருக்கும் டீச்சரும் நன்றாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். புதன்கிழமை நான் அடித்த தந்தி கிடைத்திருக்கும். நாய்க்கு வெறி, உடனே ஊசி போடு, அப்பா என்று ஐந்தாறு வார்த்தைதான் அதில் இருந்தது. நீ அதைப் பார்த்துவிட்டு, எனக்கெதற்கு ஊசி, என்னைக் கிழித்தது கம்பி வேலிதானே என்று பதில் எழுத உட்கார்ந்திருப்பாய். எழுதாதே. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இந்தக் கடிதம் வரும்போது இன்னும் ஊசி போடாமல் இருந்தால், இதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, மீதியை அங்கே வரிசையில் நின்றுகொண்டு படி.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். தவக்காலம் ஆரம்பித்த வாரம் நம் ஜாக்கி காப்பித் தோட்டத்துக்குள் எதையோ துரத்திக்கொண்டு போய் மூக்கில் காயத்தோடு வந்தது. மரநாய் பிறாண்டியிருக்கும் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டேன். மாரமங்கலத்திலிருந்து மிளகு கொண்டுவரும் மாதப்பன் அதைப் பார்த்துவிட்டு, ஏனுங்க ரைட்டரே, இது நரி கடிச்ச மாதிரி இருக்குதுங்க, இத ஊட்டுல வெச்சுக்காதீங்க என்று சொன்னான். உன் வேலையைப் பார் என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். யார் புத்தி சொன்னாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருமே, அது உனக்குத் தெரியாததா. நோன்பு முடியும்வரை நம் வீட்டில் கறி கிடையாது, அதனால் ஜாக்கிக்கும் எலும்பு கிடையாது, களியும் ரசச்சோறும்தான். நோன்பு முடிந்த பாஸ்கா ஞாயிறன்று நீ உன் பங்குக் கறியையும் சேர்த்து அதன் தட்டில் போட்டாய். அன்று சாயங்காலம் நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் வாய் பாதி திறந்தபடி எச்சில் ஒழுகிக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் வைத்தால் விழுங்க முடியவில்லை, குரைப்பும் அடைத்துப்போய் வேறு நாயின் குரல் மாதிரி வருகிறது. நாற்பது நாள் காய்ந்து கிடந்தது ஆவேசமாக விழுங்கியிருக்கிறது, எலும்பு தொண்டையில் மாட்டிக்கொண்டது என்று நானும் உன் அம்மாவும் முடிவு கட்டிவிட்டோம். நான் அதைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு மரக்கரண்டியால் வாயை நெம்பினேன், அவள் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். எலும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் விரல் முட்டியில் இரண்டு இடத்தில் பல் கீறியதுதான் மிச்சம். சோப்புப் போட்டுக்கூடக் கழுவவில்லை, முந்தானையில் துடைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

புதன்கிழமை விடியும்போது சங்கிலியை அறுத்துவிட்டது. முதலில் கோழிக்கூண்டுக்குள் புகுந்தது. தின்பதற்காகக் கடிக்கவில்லை கண்ணு, ஒவ்வொன்றையும் கவ்வி உதறிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. ஆறு கோழியும் போச்சு. சத்தம் கேட்டு நான் வெளியே வருவதற்குள் காப்பி காயவைக்கும் களத்துப் பக்கம் ஓடி, கூட்டிக்கொண்டிருந்த வெள்ளையம்மாளின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. விளக்குமாற்றால் அடிக்கிறாள், விடவே இல்லை, சதையோடு தொங்குகிறது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதல் அடி இடுப்பில் விழுந்தது, அப்போதுதான் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. நீ ஒண்டிக்கடையிலிருந்து காய்கறிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டிதானே, ஆறு வருஷம் என் கையால் சோறு தின்றதுதானே, என்னை அதற்கு யாரென்றே தெரியவில்லை. இரண்டாவது அடி தலையில். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான் நிறுத்தவில்லை. டிரைவர் தங்கராஜ் வந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, போதுமுங்க, அது செத்துப்போச்சுங்க என்று கத்தினபோதுதான் நிறுத்தினேன். என் வேட்டியிலும் கையிலும் எங்கே பார்த்தாலும் ரத்தம். நீ கேட்டால் அழுவாய் என்று தெரியும், ஆனாலும் மறைக்கப் போவதில்லை. மறைத்தது போதும் இந்த வீட்டில்.

மாட்டு டாக்டர் வந்து தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, சந்தேகமே வேண்டாம், வெறிதான், இந்தப் பத்து நாளில் இது யாரைக் கடித்திருந்தாலும், அப்போது நல்ல நாயாகத் தெரிந்திருந்தாலும், ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார். உடனே உன் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரிய வெள்ளிக்கிழமை நீ கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து கம்பி வேலி கிழித்துவிட்டது என்றாயே, அதைச் சொல்லி, நம்ம புள்ளையக் கிழிச்சது கம்பியில்லீங்க, ஜாக்கிதானுங்க, பசியில கடிச்சுட்டுது, அப்பாகிட்டச் சொன்னாக் கொன்னுபோடுவாருன்னு ஜெபமாலை மேல சத்தியம் வாங்கிட்டாளுங்க என்று அழுதாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை. அடிங்க, இதுக்குப் பயந்துதானுங்க புள்ள சொல்லாமப் போனா என்றாள். ஓங்கின கையில் நாயின் ரத்தம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டேன். மேனேஜர் வீட்டு விருந்தாளியைக் கடித்ததற்காகப் பழைய நாய் செவலையை சில்வர் ஓக் மரத்தில் கட்டி அடித்தே கொன்றேனே, அப்போது உனக்குப் பதினாலு வயது, மூன்று நாள் நீ சாப்பிடவில்லை. நான் மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். நீ சொன்னதை நம்பி, பாஸ்காவுக்கு முதல் நாள் சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலி முழுக்க நடந்து, நீட்டிக்கொண்டிருந்த முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாக மடக்கி அடித்தேன். என் மகளைக் கிழித்த முள் எது என்று தேடினேன். அந்த முள் நான்தான் என்று இப்போது தெரிகிறது.

அம்மாவும் வெள்ளையம்மாளும் நேற்றிலிருந்து காலை பஸ்ஸில் சேலம் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு நாள், நாளுக்கு ஒன்று. வலிக்கிறது, வயிறு கல்லாக வீங்குகிறது, மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பேரும் வாந்தி எடுக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். உனக்கு அங்கே யார் கூட வருவார்கள் என்றுதான் நினைப்பு. அந்த டீச்சரை அழைத்துக்கொண்டு போ. காயம் ஆறிவிட்டதே என்று டாக்டர் சொன்னால் கேட்காதே, கடித்த நாய் வெறி பிடித்துச் செத்தது என்று சொல், இந்தக் கடிதத்தைக் காட்டு. ஏழு ஊசியோடு போதும் என்று யாராவது சொன்னாலும் நிறுத்தாதே. பஸ் ஏறும்போது, அங்கே அறையில் பூனைக்குட்டி வளர்க்கலாமா என்று கேட்டாய். வளர்த்துக்கொள். பாலைத் தண்ணீர் விட்டுக் கொடு, இல்லாவிட்டால் வயிற்றால் போகும். உண்ணி இருந்தால் கையால் நசுக்காதே. பிறாண்டினாலோ கடித்தாலோ உடனே சோப்புப் போட்டுக் குழாயடியில் நன்றாகக் கழுவு, யாருக்கும் பயந்து மறைக்காதே. இங்கே இனி நாய் வேண்டாம் என்கிறாள் அம்மா. ஜாக்கியை ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். தட்டையும் சங்கிலியையும் எரித்துவிட்டோம்.

கர்த்தர் உன் தலையில் கை வைத்துக் காப்பாராக. என் கையை வைக்க இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கு உண்டு. நாயைக் கொன்றதற்காக நீ என்னை வெறுத்தால் வெறுத்துக்கொள் சாமி, நல்லபடியாக இருந்து எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வெறுத்துக்கொள். முதல் ஊசி போட்டதும் ஒரு கார்டு எழுது. இரண்டே வரி போதும். ஊசி போட்டாயிற்று என்று ஒரு வரி. கம்பி இல்லை அப்பா, ஜாக்கிதான் என்று இன்னொரு வரி. அதைப் படித்துவிட்டு நான் கோபப்பட மாட்டேன்.

உன் கார்டுக்காகக் காத்திருக்கும் அப்பா,
சிங்கராயர்