கலந்துவிட்ட இரண்டு புட்டிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு இடம் கொடுக்கவில்லை. ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கோபப்படு, ஆனால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

குழந்தைகளின் வலிப்புக்குப் புது மருந்து பரிசோதிக்கிறார்களே, நீகூடக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாயே, அந்த ஆய்வில் உன் இரட்டைகள் குண்டுவுக்கும் வாலுவுக்கும் ஆளுக்கொரு புட்டி கொடுத்தார்கள். ஒன்றில் மருந்து இருக்கலாம், இன்னொன்றில் வெறும் இனிப்புத் தண்ணீர் இருக்கலாம், எது எதுன்னு எங்களுக்கே தெரியாது பெரியவரே என்று நர்ஸம்மா அப்போதே சொன்னார். முதல் மாதம் குண்டுவுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. வாலுவுக்கு ஏழு தடவை. ஏழாவது தடவை நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். துடைத்துவிட்டபோது, எனக்கு மட்டும் ஏன் தாத்தா நல்ல மருந்து தரல என்று கேட்டாள். முப்பது வருஷம் விடுதிச் சமையற்கட்டில் கரண்டி பிடித்தவன், இருநூறு பிள்ளைகளுக்குப் பரிமாறியதில் ஒரு தட்டில் கூடவோ ஒரு தட்டில் குறையவோ விழுந்ததில்லை. அந்தக் கை சும்மா இருக்குமா. இரண்டாம் மாதப் புட்டிகள் வந்ததும் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கி, சரிபாதியாகத் திரும்ப நிரப்பி வைத்துவிட்டேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பெரிய நியாயஸ்தன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், அந்தத் திமிரை எங்கே போய்ச் சொல்ல.

மூன்று வாரம் ஆகிறது. வாலுவுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. குண்டுவுக்குத் திரும்ப வந்துவிட்டது. முந்தாநாள் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து நெற்றியில் நான்கு தையல், கண்ணுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. வலிப்பு எழுதி வைக்கும் நோட்டைப் புரட்டிய நர்ஸம்மா, நல்லா இருந்த புள்ளைக்கு மருந்து கேக்காமப் போயிடுச்சே என்று தலையில் கை வைத்தார். இந்த நோட்டை நம்பி, மருந்து உதவாது என்று முடிவு கட்டிவிட்டால் எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் பாவம் என் தலையில். சொன்னால் இரண்டு பேரையும் ஆய்விலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயம், அந்த மருந்து வெளியே எந்தக் கடையிலும் கிடையாது. வேறு வழி தெரியவில்லை, நாளைக் காலை புட்டிகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறேன்.

திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று சொல்லியிருப்பதால் இன்று காலையும் அந்தக் கலவையைத்தான் கொடுத்தேன். கலந்ததைப் பிரிக்க எனக்குத் தெரியாதே. குண்டு வாயைத் திறந்ததும் கரண்டியில் மருந்து தளும்பியது. சிந்தாமக் குடு தாத்தா என்று சொல்லி அவள்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். நாளை நம் ஊர் நேரம் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் அறையிலிருந்து ஃபோன் வரும். என்னைத் திட்டுவதற்காகவாவது எடு.

உன் அப்பா