‘தேவி பித்து’ என்னும் சொல் பிறந்த வகை

வளம் பெருகுக, குடி தழைக்க. மயிலேந்தல் நாட்டின் பட்டத்தரசி, பகைவரும் புகழும் நடுவுநிலை உடைய இளநகை நாச்சியார் திருமுன்பு, வெண்கரை நாட்டுத் திருமந்திர ஓலைநாயகம் பொற்கண்டன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை.

தங்கள் நகருக்கு வந்த எம் வணிகர் தம்முள் ‘தேவி பித்து’ என்று பேசக் கேட்டு, அது எம் அரசியும் தங்கள் அன்னையுமான ஆதிரைத் தேவியாரைப் பழிக்கும் சொல்லோ என வினவியிருந்தீர்கள். பழியாகத்தான் பிறந்தது. இன்றோ, தாறுமாறாய்த் தோன்றும் செயலுக்குள் ஓர் ஒழுங்கு மறைந்திருக்கக்கூடும் என்று தோன்றினால், “பொறுத்துப் பாருங்க, இது தேவி பித்தா இருக்கும்” என்பது எம் கடைத்தெரு வழக்கு.

சிறுமியாயிருந்த தங்களைத் தேவியார் ஆற்றுக்கு அப்பால் மயிலேந்தலுக்கு அனுப்பிய ஆண்டில், எம் துறையில் ஒதுங்கிய கப்பலொன்றிலிருந்து கொள்ளைநோய் இறங்கியது. அறிந்தவர் தேவியாரும் அரண்மனை மருத்துவர் நக்கண்ணரும் மட்டுமே. நோயின் பெயர் வெளிப்பட்டால் மக்கள் எட்டுத் திக்கும் ஓடுவர், அவரோடு நோயும் ஓடும் என்றஞ்சி, தேவியார் காரணம் கூறாமலே ஆணையிட்டார். தேர்த்திருவிழாவை நிறுத்தினார், உறுதியான பாலத்தை இடிப்பித்தார், துறையருகே நெருங்கி வாழ்ந்த நெசவாளரை மலைக்கு ஏற்றி, ஆளில்லாக் காட்டில் களஞ்சியம் திறந்தார். வாயிலில் திரண்டோர், “ராணிக்குப் பித்துப் புடிச்சிருச்சு” என்று மண்ணை வாரித் தூற்றினர். ‘தேவி பித்து’ என்னும் பெயர் அன்று பிறந்தது.

நோயுற்ற மாலுமிகளைத் தம் கையால் பேணியிருந்தமையால் தங்களை அணைத்து வழியனுப்பவும் அவர் துணியவில்லை. “அம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்?” என்று தாங்கள் படகேற மறுத்து அழுதபோது, மூடிய கதவுக்குப் பின்னே முன்றானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். உடனிருந்த நக்கண்ணர் பின்னாளில் எனக்குச் சொன்னது இது.

கூட்டம் கூடவில்லை, பாலம் வழி எவரும் கடக்கவில்லை, மலையேறியோர் காட்டுக் களஞ்சியத்தால் பிழைத்தனர்; நோய் துறையோடு அடங்கியது. அதே நோயால் அயல்நாட்டு ஊர்கள் பாழானதைக் கேட்ட பின்னரே எம் மக்கள் உண்மை உணர்ந்தனர். வைத்த பெயரைத் திரும்பப் பெற நாணி, அதன் பொருளை மாற்றிக்கொண்டனர்.

தங்களை அழைத்துவர விடுத்த தூதரை, “எனக்குத் தாய் இல்லை” என்று தாங்கள் வாயிலிலேயே திருப்பினீர்கள். நடந்ததை எழுதி அனுப்புகிறேன் என்றேன். “வெளக்கம் சொல்லி வாங்குற அன்பு எனக்கு வேண்டாம், பொற்கண்டரே” என்று தேவியார் தடுத்துவிட்டார். அந்த ஆணையை இத்தனை காலம் காத்தேன். இன்று மீறுகிறேன்.

தேவியார் படுக்கையில் இருக்கிறார். பார்வை போயிற்று, செவி இன்னும் இருக்கிறது. அறைக்குள் எவர் காலடி கேட்டாலும் ஒலி வந்த பக்கம் முகம் திருப்புகிறார். வந்தவர் பெயரைக் காவலர் சொன்னதும் மீண்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அவர் அறியாது எழுதியமையால் இதில் அரச முத்திரை இல்லை. என் மோதிரமே பதிந்துள்ளது. குற்றமெனில் தண்டம் என்னைச் சேர்க. தங்களுக்கு ஆணையிடும் உரிமை எனக்கில்லை. ஆயினும் இவ்வோலை கண்ட பொழுதே புறப்படுக. பெயர் சொல்லும் வேலையைக் காவலர்க்கு விடாது, தாங்களே சொல்லுக.