உம்முடைய அம்புகளுக்கு ஓர் இறாக்கை

இன்று பின்னேரம் அம்பெய்யப் பழகுகிற மைதானத்தில் உம்முடைய அம்பு ஒன்று உடைந்துபோனது. இலக்குக்குப் பின்னால் கட்டியிருக்கிற பழைய மீன்வலைக்கு மேலால் பறந்து, பனையில் அடித்து இரண்டாகிவிட்டது. எய்த பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பரவாயில்லை என்றேன். உண்மையில் பரவாயில்லையா என்று எனக்கே தெரியவில்லை. முன்துண்டு இப்போது என் சட்டைப்பையில் கிடந்து நெஞ்சில் குத்துகிறது.

மைதானத்தில் அம்புகளை வாளிக்குள் போட்டுவைப்பதைக் கண்டாலே உமக்கு ஆத்திரம் வரும். ஒன்றோடொன்று உரசி இறகு மடங்கினால் பிறகு எங்கே நேராகப் போகும் என்று கேட்பீர். ஒருநாள் நான் வேலை செய்கிற மரப்பட்டறைக்கே வந்து, அம்புகளைத் தனித்தனியாக நிறுத்திவைக்க மரத்தில் ஓர் இறாக்கை அடித்துத் தரச் சொன்னீர். நான் தலையாட்டினேன். உடனே நீர் கேட்டீர்:

"பள்ளிக்கூடத்தையே முடிக்கேல்லை. இதையோ முடிக்கப்போறீர்?"

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் இறாக்கையைத்தான் கேட்டீர். அன்ரி, உம்முடைய அம்மா, தேநீர் வாங்கக் கீழே போயிருந்தார். நீர் மெல்லிய குரலில், ஆனால் அதே அதிகாரத்தோடு சொன்னீர்: "என்ரை அம்புகளையும் அந்த இறாக்கையிலை வையும். பழகுற சின்னாக்கள் எய்யட்டும். படத்துக்குப் பக்கத்திலை வைச்சு அம்மா பொட்டு வைக்க விடாதையும்."

விசர்க்கதை கதைக்க வேண்டாம் என்றேன். நீர் வீட்டுக்கு வருவீர் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீர் போன பிறகு அன்ரி அதையேதான் செய்தார். கனடாவிலிருந்து உம்முடைய மாமா அனுப்பிய அம்புகள் எல்லாம் புங்குடுதீவு வீட்டில் உம்முடைய படத்தடியில், சந்தனப் பொட்டோடு. அவற்றைக் கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் போனேன். அன்ரி புட்டு அவித்துத் தருவார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். யாரோடும் சண்டைக்குப் போகிற எனக்கு அங்கே மட்டும் வாய் வராது.

கடைசியில் இறாக்கையை முதலில் செய்வோம் என்று தொடங்கினேன். இறகு எவ்வளவு அகலம் என்று பார்க்க ஓர் அம்பைக் கேட்டபோது, எதற்கென்று சொல்லாமல் இறாக்கை ஒன்று அடிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அன்ரியின் முகம் மலர்ந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே அளவெடுத்தேன்.

வேம்பில் செய்தேன். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் எல்லாம் பித்தளை ஆணி. துளை போட்டால் இறகு உள்ளே போகாது, அதனால் மைதானத்து அம்புகளுக்கும் சேர்த்து முன்பக்கம் திறந்த வெட்டுகளாக வைத்தேன். கொண்டுபோன அன்று, அன்ரி படத்தடியைக் கழுவித் துடைத்து இடம் ஒதுக்கி வைத்திருந்தார். இறாக்கையைத் தடவிப் பார்த்தவர் கை நடுவில் நின்றது.

"பிள்ளையின்ரை கொஞ்ச அம்புக்கு ஏன் தம்பி இவ்வளவு வெட்டு?"

சொன்னேன். நிலத்தைப் பார்த்தபடி, ஆஸ்பத்திரியில் நீர் கேட்ட எல்லாவற்றையும் சொன்னேன்.

"உமக்குச் சொன்னவளோ?"

"ஓம் அன்ரி."

"எனக்குச் சொல்லேல்லை."

அன்ரி படத்தடியில் குனிந்தார். ஒவ்வொரு அம்பாக எடுத்து, சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்து, தானே இறாக்கையில் வைத்தார். தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது களவெடுத்துக்கொண்டு போகிறவன் மாதிரித்தான் இருந்தது. நீர் சொன்னதைத்தான் செய்தேன். ஆனால் உம்முடைய கடைசி விருப்பத்தை அந்த மனுசி என் வாயால் கேட்க வேண்டி வந்ததே. ஆஸ்பத்திரியில் அன்ரி தேநீரோடு படியேறி வந்தபோதே, இவ சொல்வதைக் கேளுங்கோ என்று நான் கூப்பிட்டிருக்கலாம்.

சின்னாக்கள் இப்போது இறகு கசங்காமல் எடுத்து எய்கிறார்கள். முடித்துவிட்டேன், பாரும். இன்று ஒரு வெட்டு வெறுமையாக நிற்கிறது, அவ்வளவுதான்.

புது அம்பு வாங்கி அந்த இடத்தை நிரப்பிவிடலாம், அன்ரிக்குத் தெரியவே வராது என்று பயிற்சி கொடுக்கிற அண்ணை சொன்னார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். இப்போது உங்கள் வீட்டுப் படலைக் கதவுக்கு முன்னால் நிற்கிறேன். அன்ரி புட்டு அவிக்கிற குசினியில் வெளிச்சம் தெரிகிறது. உம்மைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை இன்னொருமுறை வைத்துக்கொண்டு திரிய என்னால் முடியாது. சட்டைப்பையில் இருப்பது உம்முடைய அம்மாவுக்கு.