பூஜ்யம் – பூஜ்யம் – ஒன்று

கிழக்குத் தாம்பரம்,
14.11.2025

அன்புள்ள சின்மயிக்கு,

ஓவியா எழுதுவது. நீயும் குழந்தையும் சுகம்தானே? ஆம்ஸ்டர்டாமில் குளிர் ஆரம்பித்திருக்கும். இங்கே விடாத மழை. இரண்டு வருடம் பேசாமல் இருந்தவள் திடீரென்று மெயில் அனுப்புகிறாள் என்றால், நல்ல செய்தியாக இருக்காது என்று உனக்கே தெரிந்திருக்கும்.

மேடவாக்கம் முதியோர் இல்லத்துக்கு மாத்திரைப் பட்டியல் போட ஒரு புரோகிராம் எழுதினோமே, எதற்காக நீ சண்டை போட்டு வேலையை விட்டாயோ, அந்தப் புரோகிராம் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கே எண் வரும், எங்கே எழுத்து வரும் என்று முன்கூட்டியே அறிவித்து எழுதும் மொழியில் செய்வோம், ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தால் ஓடுவதற்கு முன்பே பிழை காட்டிவிடும், நான்கு மாதம் ஆகும் என்றாய். பெண் பார்க்கப் போகிற மாதிரி ஒவ்வொரு எண்ணுக்கும் குலம் கோத்திரம் விசாரிக்கிறாயே என்று எல்லார் முன்னாலும் உன்னைக் கேலி செய்தேன். எதையும் அறிவிக்கத் தேவையில்லாத மொழியில் ஆறே வாரத்தில் முடித்தேன். நம் முதலாளி ஜெயகிருஷ்ணன் சார் கேக் வெட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்டில் அங்குள்ள நர்சுகள் ஒரு வசதி கேட்டார்கள். அதுவரை மாத்திரை எண்ணிக்கையை வெறும் எண்ணாகப் போட்டு வந்தார்கள். டாக்டர் சீட்டில் காலை, மதியம், இரவு என்று 1-0-1 எழுதுவார் இல்லையா, அப்படியே போட வேண்டுமாம். பத்து நிமிடத்தில் செய்துகொடுத்தேன். பட்டியல் தயாரிக்கும் பகுதியை நான் தொடவில்லை. அது பழையபடி ஓர் எண்ணையே எதிர்பார்த்து, முதலில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. மற்றவர்களுக்கெல்லாம் காலையில் மாத்திரை உண்டு, அதனால் பெயர் வந்துவிட்டது; எந்த வேளைக்கு எத்தனை என்று டப்பாவில் ஒட்டிய சீட்டைப் பார்த்துக் கொடுத்துவந்தார்கள். போன மாதக் கடைசியில் புதிதாகச் சேர்ந்த தையல்நாயகி அம்மாளுக்கு வலிப்பு மாத்திரை, இரவில் மட்டும். 0-0-1. முதல் எண் பூஜ்யம் என்பதால் மாத்திரையே இல்லை என்று பெயரை விட்டுவிட்டது. பிழை என்று ஒன்றும் காட்டவில்லை.

சேர்ந்த பதினோராம் நாள் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தார். தலையில் அடி. போன திங்கட்கிழமை இறந்துவிட்டார்.

மாத்திரை கொடுக்கும் ஆயா ரத்தினபாய் கொடுக்க மறந்துவிட்டதாக இல்லத்தார் புகார் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கரணையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். மூன்று நாளாக ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். சார் புரோகிராமில் பிழையான வரியைச் சத்தமில்லாமல் திருத்தச் சொன்னார். திருத்தினேன், ஒரே வரிதான்.

இனி எழுதப் போவதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான்காம் நாளே ரத்தினபாய் எனக்குப் போன் செய்தார். "மேடம், லிஸ்ட்ல இந்தம்மா பேரே வர்ல. மாத்திர டப்பா அப்டியே கீது. குடுக்கட்டுமா?" என்று கேட்டார். நான் வேறு வேலையில் இருந்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "லிஸ்ட்ல இல்லன்னா குடுக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதை அவர் போலீசில் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு போனே வரவில்லை என்று சார் எழுதிக்கொடுத்தார். கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சின்மயி. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

திருத்துவதற்கு முந்தைய புரோகிராமையும், அந்த போன் வந்ததற்கான பதிவையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஸ்டேஷன் மெயில் முகவரி கடைசியில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை நானே போய் உண்மையைச் சொல்வதாக இருக்கிறேன். நேற்றும் அப்படித்தான் கிளம்பினேன். கேம்ப் ரோடு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

அதனால் திங்கள் மதியத்துக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால், எல்லாவற்றையும் நீயே அனுப்பிவிடு. வேண்டாம் என்று நான் போனில் அழுதாலும் அனுப்பிவிடு. உன் குடும்பம் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்,
ஓவியா