நுனி வெட்டுப்பட்ட எழுத்து

பிப். 3, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக ஸ்டிக்கர் வெட்டும் கத்தியின் மழுங்கிய முனையை உடைத்துப் போட்டேன். பல் தேய்த்தது அப்புறம்தான். ஏழரைக்கே வெயில். இந்த வருடம் பனி வந்ததாகவே தெரியவில்லை.

மதுரைப் பல் டாக்டரின் குரல் பதிவு, நேற்று வந்தது. இன்று மூன்றாவது முறை கேட்டேன். "மேடம், மன்னிச்சுக்கங்க. லை தப்பா இருக்கு. தும்பிக்கைய யாரோ அருவாளால வெட்டுன மாதிரி இருக்கு."

மனுஷர் பல் பிடுங்கிய நேரம் போக மீட்டர்கேஜ் காலத்து ரயில்பெட்டிகளைக் குட்டியாகச் செய்கிறார். அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. பெட்டி அவர் வேலை. மேலே ஒட்டும் சின்னம், எண், ஊர்ப்பெயர் என் வேலை. தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற மெல்லிய தாள். எழுத்து இரண்டு மி.மீ. உயரம். லென்ஸ் இல்லாமல் எனக்கே தெரியாது. அவருக்குத் தெரிகிறது.

"நெல்லை" பலகைக்கு, எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய லை. கம்ப்யூட்டரில் இருந்த பதினான்கு எழுத்துருக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு வயிறு பெருத்திருந்தது, ஒன்றுக்குக் கால் ஒல்லி. கடைசியில் அவர் அனுப்பிய பழைய புகைப்படத்தின் மேல் நானே கோடு இழுத்து வரைந்தேன். போன வருடம் ஆறு மாதம் அதில் போனது. இப்போது அவருக்கு வேறு புகைப்படம் கிடைத்திருக்கிறது. அதில் நுனி உள்ளே சுருண்டிருக்கிறது. என் படத்தில் பெட்டியின் வாசல் கைப்பிடிக் கம்பி அந்த இடத்தை மறைத்திருந்தது. கம்பியின் ஓரத்தை எழுத்தின் முடிவு என்று எடுத்துக்கொண்டேன். மட்டமாக நறுக்கிவிட்டேன். எம்.ஏ. படித்த கண்.

செய்ய:
நுனி திருத்தம்.
மெரூனில் இன்னும் ஒரு சொட்டுக் கறுப்பு.
டாக்டரின் அடுத்த வேலை, சரக்கு வேகன். பழைய ரயில் கம்பெனி எழுத்து, மேலே அடித்த பெயிண்டுக்குக் கீழே மங்கலாகத் தெரிய வேண்டுமாம். எவ்வளவு மங்கல் என்று கேட்க.
கோயம்புத்தூருக்கு, கவிக்கு முறுக்கு. ஹாஸ்டல் சாப்பாட்டில் மகள் இளைத்துவிட்டாள்.

பிப். 4, புதன்

பேப்பரில் நான்காம் பக்கம். கிழக்கே ஆற்றோர ஊர் ஒன்றில், திங்கட்கிழமை விடியற்காலை, வாய்க்கால் மடைகளைத் திறந்து அடைக்கும் லஸ்கர் சண்முகம் லாரி மோதிச் சாவு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த மனைவிக்கு இடது கால் நொறுங்கியது. லாரியின் நம்பர் பலகையில் சேறு. மனைவி சொன்னதாக ஒரு வரி: "பின்பக்கம் வெள்ளை எழுத்து. தும்பிக்கை மாதிரி ஒன்று. நுனி வெட்டுப்பட்டிருந்தது."

நின்றபடி படித்தேன். டீ காலில் கொட்டியது. சுட்டது பிறகுதான் தெரிந்தது.

வண்ணார்பேட்டையில் எங்கள் கடை. வண்டிகளுக்கு ஸ்டிக்கர். வரைவது நான், ஒட்டுவது இவர். போன செப்டம்பரில் லாரிக்காரர் ஒருவரின் ஆள் பேச்சிமுத்து வந்தான். மண் அள்ளும் லாரி. திரையில் டாக்டரின் ரயில் எழுத்தைப் பார்த்தான். "இது நல்லாருக்கே மைனி. எங்க வண்டிக்கும் இதையே போடுங்க." எனக்குப் பெருமை. லையின் தும்பிக்கையை எடுத்து ணைக்கு மாட்டினேன். "தாய் துணை." இரண்டு மில்லிமீட்டரை ஓர் அடியாக்கினேன். நூற்றைம்பது மடங்கு. நுனியும் கூடவே பெரிதானது, அதே தப்போடு. உலகத்தில் வேறு எந்த லாரியிலும் அந்த நுனி இல்லை.

இவரிடம் பேப்பரை நீட்டினேன்.

"ஏங்க, இது நம்ம எழுத்து."

படித்தார். மடித்தார். எந்த எழுத்து என்று கேட்கவில்லை. எந்த லாரி என்றும் கேட்கவில்லை.

"ஊர்ல ஆயிரம் லாரி ஓடுது. பேசாம இரி."

"அந்த நுனி நான் வரைஞ்சது."

"ஏளா, நுனியாவது மண்ணாவது. சோலியப் பாரு."

மதியம் பரிமாறினேன். அவர் இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டார். அந்தக் கரண்டியைப் பிடுங்கி வாயில் குத்தலாம் போல வந்தது. எழுதிப் பார்க்கிறேன்: குத்தலாம் போல வந்தது. ஆம்.

பிப். 5, வியாழன்

காலை பத்து. தெருவில் ஸ்டிக்கர் கடை கடையாக ஒரு போலீஸ்காரர். கையில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த தாள். செத்த லஸ்கரின் மனைவி வரைந்தது.

"அண்ணாச்சி, இந்த மாதிரி எழுத்து நீரு வெட்டினீரா?"

"இல்ல சார். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல உள்ளதுதான் போடுதோம். இது பழைய காலத்து எழுத்துல்லா."

உள்ளே உட்கார்ந்து வேறொரு வண்டிக்கு எழுத்துச் சுழிக்குள் மிஞ்சிய ஸ்டிக்கர் கழிவை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். கோடு நடுங்கியிருந்தது, நுனி சரியாக இருந்தது. குனிந்து அடுத்த கழிவைக் குத்தினேன். ஊசி கட்டைவிரலில் ஏறியது.

பன்னிரண்டு மணிக்கு அந்த லாரியே வந்தது. பட்டப்பகலில். கழுவித் துடைத்து, பளபளவென்று. பேச்சிமுத்து இறங்கினான்.

"எழுத்து பழசாப் போச்சு அண்ணாச்சி. உரிச்சிட்டு வேற போடுங்க. பெருசா."

"போட்டாப் போச்சு" என்றார் இவர். என்னைப் பார்க்காமல், சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன்னை நீட்டினார்.

ஸ்டூலில் ஏறினேன். சூடு காட்டி, ஓரத்தைக் கத்தியால் நெம்பி, பைய இழுக்க வேண்டும். தா. ய். து. வந்தன. அவன் எனக்குக் கீழே நின்று யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான். பிடரி தெரிந்தது, புதிதாக மழித்தது. ஹீட் கன்னின் வாய்க்கும் அதற்கும் இரண்டு சாண். இறக்கினால் தோல் சுருங்கி உருளும், ஸ்டிக்கர் மாதிரியே. கை நடுங்கவில்லை. நடுங்கவில்லையே என்றுதான் பயந்தேன்.

ணை கிழியாமல் முழுசாக வந்தது. அவன் திரும்புவதற்குள் இறங்கி, கடை மேஜையில் விரித்திருந்த, ஸ்டிக்கர் வெட்டுகிற ரப்பர் பாயின் அடியில் ஒட்டிவிட்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

உரித்த இடத்தில் "தாய் துணை" அப்படியே நின்றது. சுற்றிலும் வெயிலில் வெளுத்த நீலம், எழுத்து இருந்த இடம் மட்டும் கரு நீலம். தும்பிக்கை, மட்டமான நுனி, எல்லாம்.

"என்ன மைனி, போன பொறவும் நிக்கி?"

"அடியில உள்ள பெயிண்டு வெளுக்கல."

"தொடச்சாப் போவாதா?"

"போவாது."

"அப்ப மேல பெருசா ஒட்டி மறைங்க."

கறுப்புப் பட்டை, மேலே சிவப்பில் "சிங்கம்". கம்ப்யூட்டரோடு வந்த எழுத்து, எல்லாரிடமும் இருப்பது. நானே ஒட்டினேன். குமிழி இல்லாமல் தேய்த்தும் விட்டேன். பழக்கம்.

உரித்த எழுத்துகளை அவன் சாக்கடை ஓரம் போட்டு லைட்டரால் கொளுத்தினான். எண்ணிப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்றம். போகும்போது, "கவி கோயம்புத்தூர்லதான படிக்கா? ஹாஸ்டல் வாசல்லயே பஸ் ஸ்டாப்பு. நல்ல வசதி மைனி."

இவர் முகம் சாம்பலாகிவிட்டது. 

பிப். 7, சனி

தாள் வாங்க பாளையங்கோட்டை போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி. பையில் நான்கு ஆரஞ்சு. பெண்கள் வார்டு, ஜன்னல் ஓரம் மூன்றாவது கட்டில். பெயர் முப்பிடாதி. என் வயதுதான். காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தது.

"யாரு யக்கா நீங்க? ஆபீஸா?"

"எழுத்து வேலை செய்யுதேன்."

"எழுத்தா? எனக்கு வாசிக்கத் தெரியாது. பேரு மட்டும் போடுவேன்."

"பின்ன எப்படி வரைஞ்சிய?"

தொங்கும் காலைக் கண்ணால் காட்டினாள்.

"மொத இடில நான் ஒண்ணும் பாக்கல. அவுக கரையில கெடந்து கைய ஆட்டுனாவ. உசிரு இருந்துச்சு. லாரி கொஞ்சம் போயி நின்னுச்சு. எறங்கி வந்து தூக்குவானுவன்னு நெனச்சேன். ரிவர்ஸ்ல பின்னால வந்துச்சு யக்கா. அவசரமே இல்ல. பைய வந்துச்சு. அந்த எழுத்து பெருசாகிட்டே வந்துச்சு. அந்தத் தும்பிக்கை."

என் கையை இழுத்து உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினாள். சுழி, வளைவு, தூக்கல். முடிவில் கட்டைவிரல் நகத்தால் குறுக்கே அழுத்தினாள். "இங்கன வெட்டு."

"எதுக்கு அவரை?"

"கரை வழியா லாரி போவக் கூடாதுன்னு சங்கிலி போட்டுப் பூட்டிட்டாவ. மடை ஒடஞ்சா நாலு ஊரு பயிரு போயிரும்லா. சாவிய இடுப்புலயே வச்சிருந்தாவ. மூணு தடவ வந்து சொன்னானுவ. இவுகளுக்குப் புடிவாதம்." பிறகு சிரித்த மாதிரி ஒன்று. "என்னைய சொல்லுவாவ, நீ கழுதைன்னு. இவுகதான் கழுத."

நான் யார் என்று சொல்லவில்லை. ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை மட்டும் செய்தேன். நகக்குறி பஸ்ஸில் வண்ணார்பேட்டை வரை உள்ளங்கையில் இருந்தது.

வீட்டில் இவர் நின்றுகொண்டிருந்தார். யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆஸ்பத்திரில என்னளா சோலி?"

"அவ புருசன் உசிரோட கெடந்தாரு. ரிவர்ஸ்ல வந்து ஏத்தியிருக்கானுவ."

"ஒனக்கு மக வேணுமா, லாரி எழுத்து வேணுமா?"

"நான் வரைஞ்ச எழுத்து."

அடித்தார். இருபத்தோரு வருடத்தில் முதல் முறை. காது கிண்ணென்றது, உதடு பல்லில் கிழிந்தது. மேஜையில் இருந்த இரும்பு ஸ்கேலை எறிந்தேன். குறி பார்த்து எறிந்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். நெற்றியில் பட்டு, புருவம் வழியாக ரத்தம்.

ஸ்கேலைக் குனிந்து எடுத்து மேஜையில் வைத்தேன். பிறகு அவர் பஞ்சு எடுத்து வந்தார். பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். "பயமா இருக்குளா" என்றார். எனக்கும்தான். பஞ்சை உதட்டில் அழுத்தினேன்.

பிப். 8, ஞாயிறு

கடை விடுமுறை. பதினோரு மணிக்கு இவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார், ஒரு மணிக்கு வந்தார்.

"கம்ப்யூட்டர்ல உள்ள அந்த எழுத்து எல்லாத்தையும் அழிச்சிட்டேன். நல்லதுக்குத்தான்."

ஆறு மாதம். எழுபத்துமூன்று எழுத்து, எண்கள், வட்டச் சின்னம். திருத்திய புது நுனியும் போயிற்று. அழவில்லை. பாத்திரம் துலக்கினேன். ஒரு தம்ளர் கையில் நசுங்கியது.

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது டாக்டருக்குப் போன்.

"டாக்டர், தப்பான லை உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கே மேடம். ஆகஸ்ட்ல நீங்க அனுப்புன மெயில், முழு எழுத்தும். ஒரு பெட்டில அவசரப்பட்டு ஒட்டிப்புட்டேன். பாத்தாலே கண்ணை உறுத்துது. உரிச்சிரவா?"

"உரிக்காதீங்க. மெயிலையும் அழிக்காதீங்க."

"ஏன் மேடம், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பல்வலி."

"மதுரைக்கு வாங்க, சும்மாவே பிடுங்கி விடுறேன்."

சிரித்துவிட்டேன். உதடு மறுபடி கிழிந்தது. அதன் பிறகு வேகனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பழைய எழுத்து எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும் என்று கேட்டேன். "தேடுறவனுக்கு மட்டும் தெரியணும் மேடம்."

பிப். 9, திங்கள்

வெயில். மோட்டாரில் தண்ணீர் வரவில்லை.

விடிந்ததும் கவிக்குப் போன் போட்டேன். பெங்களூரில் என் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, ஒரு வாரம் துணைக்கு இரு என்றேன். "பரீட்சை வருதும்மா" என்று கத்தினாள். நானும் கத்தினேன். அக்காவிடம் அரைகுறையாகச் சொல்லி வைத்தேன். மாலை ஐந்துக்குச் செய்தி: "வந்துட்டேன். பெரியம்மா நல்லாத்தான் இருக்காங்க. என்ன நடக்குது?" 

காலையில் அந்த லாரி கடையைத் தாண்டிப் போனது. சிங்கம். பேச்சிமுத்து ஹாரன் அடித்துக் கை காட்டினான். இவர் பதிலுக்குக் கை தூக்கினார். நெற்றியில் பிளாஸ்திரி. தூக்கிய கை பாதியில் இறங்கியது.

ரப்பர் பாயைப் புரட்டிப் பார்த்தேன். ணை இருக்கிறது. தூசி ஒட்டிய, ஓர் அடி உயர வெள்ளை எழுத்து. டாக்டரின் தாள்கள் இரண்டுக்கு நடுவே வைத்துச் சுருட்டினேன்.

அன்று கடைக்கு வந்த அதே போலீஸ்காரரிடம் நாளை பத்து மணிக்குப் போகிறேன். வரைந்தது நான், உரித்தது நான், மேலே ஒட்டி மறைத்ததும் நான். மூன்றையும் சொல்வேன். இவர் இல்லை என்று சொன்ன பொய்யையும் சொல்வேன். இவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். என்னையும் பிடித்து வைக்கலாம். பிறகு அந்த லாரியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வேன். சிங்கத்தை வேறு யாரும் தொடக் கூடாது. அடியில் நிற்கும் எழுத்தையும் பெயிண்டோடு பிய்த்துவிடுவார்கள். பைய உரிக்க எனக்குத்தான் தெரியும்.

பையில்: ஹீட் கன். லென்ஸ். ணை. கத்தி, முனை உடைத்துப் புதிதாக.

இவர் அடுப்படியிலிருந்து கேட்கிறார், நாளைக்கு தோசையா இட்லியா என்று. தோசை என்று சொல்லிவிட்டேன்.