பையின் அடியில் இருந்த ஒட்டகம்

என் கமலா அக்கா,

நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். பிறகு "பாவம்டி அது" என்று என்னை ஏசியும் இருப்பாய். ஏசு. எனக்கு ஒரு பாவமும் தெரியவில்லை. யட்டவத்த நேர்சரியின் பெரிய மிஸ் மேடையில் வேர்த்துப்போய் நின்றதை இரண்டு கண்ணாலும் பார்த்தவள்தான் இதை எழுதுகிறேன்.

அவளுடைய நேர்சரியில் நீ படிப்பித்த காலம் எனக்கு மறக்கவில்லை. ஒரு துணிப்பைக்குள் கறுவாப்பட்டை, மிளகுக்கொத்து, தேயிலைக் கொழுந்து என்று போட்டுக்கொண்டு போவாய். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், வீட்டில் அதற்கு என்ன பேரோ அதைச் சொல்ல வேண்டும். மி, ள, கு என்று கை தட்டி ஓசையைப் பிரிப்பாய். கடைசியில் காரம், கொடி என்று ஒரு புதுச் சொல்லையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவாய். எழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் உன்னை எழுப்பி நிறுத்தி என்ன சொன்னாள்? "தோட்டத்துப் பேச்சத்தான் புள்ளைங்களுக்குப் பழக்குறாங்க இந்த டீச்சர். அனா ஆவன்னாகூடச் சொல்லத் தெரியல. இவங்களுக்குப் படிப்பிக்கத் தெரியாது." அத்தனை பேருக்கும் முன்னால் நீ மன்னிப்புக் கேட்டாய். ஏன் கேட்டாய் அக்கா? இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது விளங்கவில்லை.

அந்த மழைக்காலம் முடியுமுன்னே போய்விட்டாய். டெங்குக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நீ சரியாகச் சாப்பிடவே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது செய்தியைக் கேள். போன வருசம் எல்லா ஊரிலும் ஓசை வழியாகப் படிப்பிப்பதுதான் நாகரிகம் என்று ஆகிவிட்டது. பெரிய மிஸ்ஸும் ஒரு பை வாங்கினாள், பளபளவென்று. தானே யோசித்துக் கண்டுபிடித்த முறை என்று மதில் முழுக்க எழுதியும் வைத்தாள். தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகிற நம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் உன் பையை வைத்துக்கொண்டு சின்னஞ்சிறுசுகளோடு உட்கார்ந்திருந்த எனக்கு, அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

கலைவிழாவுக்குச் சுற்றுவட்டார டீச்சர்மார் எல்லாருக்கும் அழைப்பு. அதற்கு முந்தின வாரம் அங்கே பிள்ளை அனுப்புகிற ஒரு தாய் கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்னிடம் சொன்னாள்: "என்னமோ பையாம் டீச்சர். முதல்ல அன்னாசி, அப்புறம் ஆப்பிள்னு வரிசையா மனப்பாடம் பண்றா எம்புள்ள. தூக்கத்துலயும் அதேதான்." கேட்டியா அக்கா? பைக்குள் இருக்கிறதைக்கூட வரிசையாகப் பாடமாக்கி வைத்திருக்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். மேடையில் பிள்ளைகள் சிங்காரித்து நின்றன. முன்வரிசையில் பெரிய மிஸ்ஸின் கடைசி மகள் ஷாலினி. பெரிய மிஸ் மைக்கைப் பிடித்து, "சபையில் யார் வேண்டுமானாலும் வந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டலாம்" என்றாள். யாரும் வரமாட்டார்கள், தானே எடுக்கலாம் என்ற நினைப்பு. நான் எழுந்து போனேன். மேலே இருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கையை அடி வரைக்கும் விட்டு ஒரு பிளாஸ்டிக் ஒட்டகத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினேன்.

"அ... அன்னாசி" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தின.

எலுமிச்சம்பழத்தைக் காட்டினேன். "ஆ... ஆப்பிள்." சபை சிரித்தது. பெரிய மிஸ் பையைப் பிடுங்க வந்தாள், நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். "இந்தப் பை விளையாட்டக் கண்டுபிடிச்சது எங்கக்கா கமலா. இதே மண்டபத்துலதான் அவளுக்குப் படிப்பிக்கத் தெரியாதுன்னு சொன்னாங்க. யாருக்குத் தெரியலன்னு நீங்களே பாத்துக்கங்க." பெரிய மிஸ் வேர்த்துப்போய் நின்றாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது அக்கா, உண்மையாகச் சொல்கிறேன்.

ஷாலினி மட்டும் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். கண் நிறையத் தண்ணீர். "நான் பாடமாக்குனதச் சரியாத்தானே சொன்னேன் டீச்சர்?" என்றாள். சேலையை விடுவித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். பெரிய மிஸ் மகளைக் கூட்டிக்கொண்டு நம் லயத்து வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். "புத்தகத்தக் கண்டாலே அழுவுறா. நீங்கதான் கொஞ்சம் பாக்கணும்."

"தோட்டத்துப் பேச்சு ஒட்டிக்குமே மிஸ், பரவாயில்லையா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "பரவாயில்லங்க" என்றாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாள், ஒரு மன்னிப்பாவது சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. வாசலோடு திருப்பி அனுப்ப நினைத்தேன்தான். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டது, பிறகு என்ன செய்ய?

இப்போது சனிக்கிழமைகளில் வருகிறாள். கறுவாவை மோந்துவிட்டு, "எங்க வீட்டுச் சோத்துல இந்த வாசம் வரும்" என்றாள். க அவளுக்கு வந்துவிட்டது. போன வாரம் மணலை அளைய விட்டேன், ம வந்தது. அடுத்தது லாம்பு விளக்கு, அதில் லா. எதற்கு இந்த மூன்றையும் தேடிப் பிடித்து முதலில் கொடுக்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

பிள்ளையை வைத்துப் பழி வாங்கலாமா என்று கேட்பாய். அதற்கு என்ன நட்டம் அக்கா? அது வாசிக்கப் பழகுகிறது, அவ்வளவுதானே?

உனக்குச் சத்தியம் பண்ணுகிறேன். அவளாகவே எழுத்துக்கூட்டி வாசிக்கிற முதல் சொல் உன் பேராகத்தான் இருக்கும். ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்து, "வீட்டுல போயி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்று அனுப்புவேன். இது யார் என்று பிள்ளை கேட்கும். பெரிய மிஸ் பதில் சொல்லட்டும்.

இன்னும் மனசு ஆறாத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி